நம்ம கடைதான், சாப்பிடுங்க

கருப்பம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் குலுங்கினால் அவர் இருக்கும் லயம் வரும். ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும் பத்து வீடுகளில் நாலாவது அவருடையது. பதினேழு வயதில் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர் இன்னும் அதை இறக்கி வைக்கவில்லை. கணவர் வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். மகள் கேசினி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பதினொரு வருடமாக அன்னதானச் சமையல் கருப்பம்மாவின் பொறுப்பு. ஊரில் அவருக்கு இருக்கும் ஒரே பதவி அதுதான்.

அவரைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும் என்றால், எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு காரணம் இல்லை. நல்லவர்களைப் பற்றி எழுதி நாமும் கொஞ்சம் நல்லவராகிக்கொள்ளும் வித்தை எனக்குத் தெரியும்; அலுவலக அறிக்கைகளில் அதை நிறையச் செய்திருக்கிறேன். இந்தத் தடவை அது முடியாது.

என் பெயர் நிரோஜா. பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரக் கல்வி உத்தியோகத்தர். பெயரைக் கேட்டால் பெரிய வேலை போலத் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்துக்குப் போய், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில், அந்தக் குட்டி நாற்காலிகளில் பெண்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பதுதான் வேலை. போன வருடம் எடுத்த பாடம், வெளியில் சாப்பிடப் போனால் கடையை எப்படிப் பார்த்துத் தெரிவு செய்வது என்பது.

அறிவித்த அன்று எல்லோரும் சிரித்தார்கள். கோயில் கமிட்டித் தலைவரின் மனைவி ராமலட்சுமி எழுந்து, "மிஸ், நாங்க டவுனுக்குப் போறதே மாசத்துல ஒரு நாளு. சம்பளம் போட்டா ஒரு ரோல்சு, ஒரு பிளேன்டி. அதுக்கு ஒரு கிளாஸா?" என்று கேட்டார். அந்த ஒரு நாளைக்குப் பிறகு எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் கையைத் தூக்கினார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சுவரில் மாட்டியிருக்கும் சுகாதாரத் தரச் சான்றிதழில் வருடத்தைப் பாருங்கள், கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா பாருங்கள், காசு வாங்கும் கையே வடையை எடுக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் விட அதிக நேரம் பேசியது அந்தத் தட்டைப் பற்றி. நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் நடப்பதுதான்: உட்கார்ந்தவுடன் வெயிட்டர் ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், சமோசா எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார். ஆறில் இரண்டைத் தின்றால் இரண்டுக்குக் காசு. மிச்சம் நாலும் அடுத்த மேசைக்குப் போகும். அங்கே தொட்டுப் பார்த்து, பிட்டுப் பார்த்து, இருமி, மிச்சம் வைத்தது அதற்கடுத்த மேசைக்கு. தொட்டுக்கொள்ளும் சம்பல் கிண்ணமும் கூடவே ஊர்வலம் போகும். அந்தத் தட்டிலிருந்து எடுக்காதீர்கள், கண்ணாடி அலுமாரியிலிருந்து இடுக்கியால் எடுத்துச் சுடச்சுடத் தரச் சொல்லுங்கள் என்றேன்.

பார்ப்பதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்தில் ஒரு முற்றல் இலை கிடந்தால் தூரத்திலேயே பிடித்துவிடும் கண்கள் அவை. கேட்பதற்குத்தான் வாய் வராது. டவுன் கடையில் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, வைத்ததைத் தின்றுவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து வருவதுதான் பழக்கம். கேள்வி கேட்டால் "தோட்டத்து ஆளுக்குத் திமிரப் பாரு" என்பார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் லயத்தில் பிறந்தவள். அதை வகுப்பில் சொல்லவில்லை. பதுளையில் அநேகமாக எங்கேயும் சொல்வதில்லை.

ஆகவே நாடகம் போட்டோம். ராமலட்சுமி வெயிட்டர். மற்றவர்கள் வாடிக்கையாளர். ராமலட்சுமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முறைத்த முறைப்பில் இரண்டு பேர் கேட்க வந்ததை மறந்துவிட்டு ஓடினார்கள். கருப்பம்மா அன்று படுமோசம். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த மாதம் வந்தபோது, "மலையில கொழுந்து எடுக்கிறப்ப செடிகிட்ட கேட்டுக் கேட்டுப் பழகுனேன் மிஸ்" என்றார். கேட்டுக் காட்டச் சொன்னேன். "தம்பி, அந்த அலமாரியில இருந்து இடுக்கியால எடுத்துத் தாங்க. தட்டு வேணாம்." குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு மனுஷியைப் பிடிக்க முடியவில்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்காரர் கையால் பணிஸ் எடுத்துக் கொடுக்கப் போக, இவர் வாங்காமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பின்னால் வரிசை நீண்டு, கடைசியில் அவர் எரிச்சலோடு இடுக்கியைத் தேடி எடுத்தாராம். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது என்பதால் சான்றிதழில் முதல் தரத்தைக் காட்டும் 'ஏ' எழுத்தைக் கூரை மாதிரி இருக்கும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டார். மகளோடு எல்ல என்ற சுற்றுலா ஊருக்குப் போனபோது வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு கடையின் சுவரெல்லாம் கூரையைத் தேடி, கிடைக்காமல், மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கேசினி எனக்குப் போன் எடுத்து, "மிஸ், அம்மாவோட வெளிய போக ஏலாது. என்னா செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று சண்டை பிடித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வருட அறிக்கையில் கருப்பம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

அந்த அறிக்கையில் எழுதாத ஒன்று உண்டு. பதுளை பஜாரில் என் மாமனார் ஜெயராசாவுக்கு ஒரு சைவக்கடை இருக்கிறது. அவருடைய தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து தொடங்கிய கடை. அங்கேயும் அந்தத் தட்டு ஊர்வலம் போகிறது. கல்யாணமாகி எட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை என் கணவர் கஜேந்திரனிடம் சொன்னேன். "அப்பாட்ட நீயே சொல்லேன்" என்றார். நான் சொல்லவில்லை. லயத்துப் பெண்ணைக் கட்டியதே பெரிய விஷயம் என்று நினைக்கும் வீட்டில், வடைத் தட்டைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்குத் துணிவு இல்லை. ஊருக்கெல்லாம் வாயைத் திற என்று சொல்லிக்கொண்டு திரிகிற நான், வீட்டில் வாயை மூடிக்கொண்டு வடைப் பார்சல் கட்டினேன்.

உண்மையாகவே வடைதான் கட்டிக்கொண்டிருந்தேன். மாசி மாதம், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சனம் டவுனை நிறைத்திருந்தது. கடையில் ஆள் பற்றாது என்று மாமனார் கூப்பிட, முன்னால் நின்று பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் எனக்குப் பக்கத்தில் இருந்தார். பதினொரு மணி போல கருப்பம்மா உள்ளே வந்தார், கையில் திருவிழாவுக்கு வாங்கிய சாமான் பையோடு. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் என்னிடம் வரவில்லை. நான் வேலையாக நிற்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு மேசையில் உட்கார்ந்தார். வெயிட்டர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அது நாலாவது மேசையா ஐந்தாவது மேசையா தெரியாது, காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த தட்டு. கருப்பம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகளை, என் காதில் விழ வேண்டும் என்றே கொஞ்சம் உரத்துச் சொன்னார்.

"தம்பி, அந்த அலமாரியில இருந்து இடுக்கியால எடுத்துத் தாங்க. தட்டு வேணாம்."

வெயிட்டர் சிரித்தார். "ஏன், இந்தத் தட்டுக்கு என்னா? வெசமா வச்சிருக்கோம்?" பக்கத்து மேசைகள் திரும்பின. மாமனார் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. தன் கடையைத் தன் முகம் போல நினைப்பவர். "என்னாம்மா, எங்க சாப்பாட்டுல என்னா கொறை? யாரு ஒங்களுக்கு இப்புடியெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

கருப்பம்மா என்னைப் பார்த்தார். மாமனாரும் அந்தப் பார்வையைத் தொடர்ந்து என் பக்கம் திரும்பினார்.

என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது எனக்குப் பத்து வாக்கியம் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் மாமா என்று ஒரு வரி போதும். அல்லது ஒன்றுமே சொல்லாமல் அலுமாரியைத் திறந்து நானே இரண்டு வடையை இடுக்கியால் எடுத்து வைத்திருக்கலாம். நான் சிரித்தேன். முன்பின் தெரியாதவரிடம் சிரிக்கும் சிரிப்பு. பிறகு சொன்னேன்: "நம்ம கடைதான், சாப்பிடுங்க. ஒண்ணும் ஆகாது."

மாமனார் திருப்தியாகத் திரும்பிப் போனார். கருப்பம்மா கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு உருளைக்கிழங்கு ரோல்ஸை எடுத்து, சம்பலைத் தொட்டு, முழுதாகத் தின்றார். பிளேன்டியைக் குடித்துவிட்டு, போகும்போது "வர்றேன் மிஸ்" என்று மெதுவாகச் சொன்னார். நான் பார்சல் கட்டுவதில் மும்முரமாக இருப்பது போல் தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை நிருபன் போன் எடுத்தார். அவர் அந்தப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் கறார். "மிஸ், உங்கட கிளாசுக்கு வாற அம்மா ஒராள், கருப்பம்மா எண்டு, ரெண்டு நாளா ஆஸ்பத்திரியில கிடந்தவ. சாப்பாடு நஞ்சானது. வீட்டைப் பாக்க நாளைக்குப் போறன், நீங்களும் வாங்கோ" என்றார். எங்கே சாப்பிட்டாராம் என்று கேட்டேன். "வெளியில ஒண்டும் சாப்பிடேல்லையாம். வீட்டில முதல் நாள் அவிச்ச மரவள்ளிக்கிழங்காம். அவவே சொன்னவ."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன செய்ய? ஒரு மனுஷி இரண்டு நாள் சேலைன் ஏற்றிப் படுத்திருந்தாள் என்று கேட்டு எனக்கு வந்தது நிம்மதி.

மறுநாள் இருவரும் போனோம். கருப்பம்மா மெலிந்துபோய், ஸ்வெட்டரை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அவருடைய குசினி எனக்குத் தெரியும். புகையால் சுவர்தான் கறுப்பு, பாத்திரம் ஒவ்வொன்றும் மினுங்கும். கொதித்து ஆறிய தண்ணீர் மூடிய கேத்தலில் இருக்கும். மூங்கிலைச் சீவி அவரே செய்த ஒரு இடுக்கி ஆணியில் தொங்கும். நிருபன் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்தும், நோயாளியே வீட்டுச் சாப்பாடு என்று சொல்லிவிட்டதால், பிழையை அங்கேதான் தேடினார். தண்ணீர்ப் பீப்பாயில் குளோரின் போட்டார். கிழங்கு வைத்த சட்டி எது என்று கேட்டு முகர்ந்தார். லயத்துச் சனம் வாசலில் கூடிவிட்டது. கூடியதும் அவருக்கு அது பாடம் எடுக்க நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது.

"எல்லாரும் கேளுங்கோ," என்றார் சத்தமாக. "பழசை வச்சுச் சாப்பிடப்படாது. கை கழுவாமல் சட்டியில கை வைக்கப்படாது. இந்த அம்மாவுக்கு நடந்ததை எல்லாரும் பாத்தனீங்கள்தானே. ஒரு வீடு துப்புரவில்லாட்டி லயம் முழுக்கப் பரவும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

நான் சொன்னேன். அந்தக் குசினியில் நின்று, அந்த மூங்கில் இடுக்கியைப் பார்த்துக்கொண்டே, சவர்க்காரம் போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கை கழுவுவது எப்படி என்று கருப்பம்மாவுக்குச் செய்து காட்டினேன். ராமலட்சுமி வாசலில் நின்று பார்த்தார். பத்து வீட்டுச் சனமும் பார்த்தது. கருப்பம்மா குனிந்த தலையோடு கேட்டுவிட்டு, "சரிங்க மிஸ்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் அவரை விடுவிக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது நல்ல நேரம் பார்ப்பது. மாமனாருக்கு உடம்பு சரியில்லை, பிறகு சொல்லலாம். கஜேந்திரன் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம். கருப்பம்மாதான் குணமாகிவிட்டாரே, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. இப்படியே மூன்று வாரத்துக்கு மேல் போனது. கடையில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வகுப்புக்குக் கருப்பம்மா வரவில்லை. நான் அவரைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வழக்கம் போல நாடகத்தைத் தொடங்கினேன். யாரும் எழவில்லை. ஒரு பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேட்டு என்னா மிஸ் செய்ய? கருப்பம்மாக்கா கடை கடையா எவ்வளவு கேட்டாங்க. கடைசியில அவங்க வீட்டுச் சாப்பாடுதானே அவங்களப் படுக்க வச்சுச்சு. நாம போயி டவுன்காரன கொறை சொல்றோம்." மற்றவர்கள் தலையாட்டினார்கள். ராமலட்சுமி, "அன்னதானச் சமையலுக்கும் இந்த வருசம் அவங்க வேணாம்னுட்டாங்க மிஸ், கமிட்டியில. சனத்துக்குப் பயமா இருக்குல்ல" என்றார்.

வகுப்பை எப்படி முடித்தேன் என்று ஞாபகம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. முதலில் அந்தப் பெண்கள் மேல், பிறகு நிருபன் மேல், பஸ் பாதி வழி வந்த பிறகுதான் என் மேல். பதுளையில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே நிருபனின் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் கடை, அந்தத் தட்டு, நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவர் எனக்குத் தண்ணீர் கொடுப்பார் என்று தெரியும், அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடினார். "ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை? நான் அந்த மனுசியை ஊருக்கு முன்னால பேசிப்போட்டன்." நான் அந்தப் பேனையைப் பார்த்தேன். "நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள் மிஸ்" என்றார்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனார். முதல் நாள் மசித்த உருளைக்கிழங்கு மூடாமல் இருந்தது. சம்பல் கிண்ணங்களை ஒன்றோடொன்று கலந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கடையை ஐந்து நாள் மூடி, சீர்செய்து காட்டச் சொன்னார். மாமனார் என்னைத் திட்டவில்லை. "நீயே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா, எட்டு வருசமா" என்று மட்டும் சொன்னார். அது நியாயமான பேச்சு. மாமியார் குசினிக்குள் நின்று யாரிடமோ போனில், "லயத்துலருந்து எடுத்தா இப்புடித்தான்" என்றார், எனக்குக் கேட்கும்படியாக. கஜேந்திரன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இதையெல்லாம் தண்டனை என்று எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு மாதிரி நிறைவாகக்கூட இருந்தது. கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நிறைவோடுதான் சனிக்கிழமை பின்னேரம் கருப்பம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். "வாங்க மிஸ்" என்று எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டார். நான் நின்றபடியே சொன்னேன்: பரிசோதகரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், கடையை மூடிவிட்டார்கள், இனி அந்தத் தட்டு இல்லை. அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெட்கம் கெட்ட எதிர்பார்ப்பு.

"ஐயோ, ஒங்களுக்கு வீட்டுல சங்கடமா போயிருக்குமே" என்றார் அவர்.

"நீங்க ஏன் கருப்பம்மாக்கா பொய் சொன்னீங்க? கடையில சாப்பிட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீங்க எப்புடி நின்னீங்கன்னு பாத்தேன் மிஸ். நானும் மாமியா வீட்டுல அப்புடி நின்னவதான். அந்த ரோல்சு மேல யாரோ வெரலால அமுக்குன தடம் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் தின்னேன். வேணாம்னு எந்திரிச்சிருந்தா ஒங்க மாமனாரு முன்னுக்கு ஒங்களுக்கு என்னா மரியாத?"

நான் இத்தனை நாளும் அவர் என்னை நம்பித் தின்றார் என்றே நினைத்திருந்தேன். நான் சொல்லிக்கொடுத்ததை அவர் மறக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார். எனக்காகத் தின்றார்.

"திருவிழாவுக்கு நீங்கதான் சமைக்கணும்," என்றேன், எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. "நான் கமிட்டியில பேசுறேன்."

"போன வெள்ளிக்கெழம முடிஞ்சிருச்சுங்களே மிஸ்" என்றார். சோறு வேறு ஆட்கள் வடித்தார்கள். இவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். எழுந்தபோது பக்கத்து இலைக்காரி தண்ணீர்ச் செம்பை இவர் கைபடாமல் தள்ளி வைத்தாளாம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆபீசுல சொன்னது நல்லதுங்க. ஆனா அந்தப் பரிசோதகரு ஐயா பேசுனது இங்கதானே. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாதே" என்றார்.

அது சரி. அலுவலகத்தில் சொல்ல எனக்கு ஒரு கதவு இருந்தது, நாற்காலி இருந்தது, கேட்டது ஒரே ஆள். கருப்பம்மாவுக்கு நடந்தது பத்து வீட்டுக்கு முன்னால்.

லயத்துக் கோடியில் ஒரு தண்ணீர்ப் பைப் உண்டு. பின்னேரம் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். பெண்கள் குடத்தையும் வாளியையும் வரிசையாக வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பார்கள். அங்கே போய் நின்றேன். "வாங்க மிஸ்" என்றார்கள். நாடகத்தில் கருப்பம்மாவின் உதடு முதல் நாள் எப்படி அசைந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் சொன்னேன். கருப்பம்மாக்காவுக்கு வீட்டுச் சாப்பாட்டால் ஒன்றும் ஆகவில்லை, எங்கள் கடைச் சாப்பாட்டால் ஆனது. அவர் வேண்டாம் என்றார், நான்தான் சாப்பிடச் சொன்னேன். அன்று பரிசோதகர் பேசியபோது எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கை கழுவச் சொல்லிக்கொடுத்தேன். நானும் லயத்துப் பிள்ளைதான், பதுளையில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு அப்படிச் செய்தேன். இவ்வளவையும் பேச்சுத் தமிழில், இடையிடையே திக்கிச் சொன்னேன்.

வாளி நிரம்பி வழிந்தது. யாரும் பைப்பை மூடவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செம்பைத் தள்ளி வைத்தவளும் அங்கே நின்றிருப்பாள். ராமலட்சுமி மட்டும், "அது சரி மிஸ், இத நீங்க ஒரு கெழமைக்கு முன்னுக்கு சொல்லியிருந்தா நாங்க அந்தப் பாவத்துக்கு ஆளாகியிருக்க மாட்டோமே" என்றார். கோபம் இல்லாத குரல். என் குற்றத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். கருப்பம்மாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அடுத்த மாத வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள், வழக்கத்தை விட அதிகம் பேர். கருப்பம்மாவும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். ராமலட்சுமி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் போத்தலிலிருந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் எழுதிவைத்திருந்த பாடத்தைப் பார்த்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்டேன். கடைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று கண்ணில் படுகிறது. அப்போது என்ன செய்வது?

கருப்பம்மா கையைத் தூக்கினார்.

"எந்திரிச்சு வந்துரணும் மிஸ்," என்றார். "உள்ளுக்கு யாரு இருந்தாலும்."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அதை எழுதினேன். எழுதி முடித்த பிறகும் திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.